பாகு வாசனை

ஏலகிரி மலைக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு புலவர், வள்ளல் என்று பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள். போன மார்கழியில் ஒரு விடியற்காலை, பாதி மலை ஏறியிருப்போம், பலகையில் யார் பெயர் என்று பேத்திக்குப் படித்துக் காட்டலாமே என்று பார்த்தால் பலகையைக் காணோம். பலகை என்ன, சாலையே தெரியவில்லை. வெளியே பனி, உள்ளே நாலு பேர் விட்ட மூச்சு. முன் கண்ணாடி முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப் போயிருந்தது.

மகன் வண்டியை ஓரம் கட்டினான். “ஹீட்டரப் போடுப்பா, கண்ணாடி தெளிஞ்சிடும்” என்றேன். கார் வாங்கிப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. அந்தத் திருகை நீலப் பக்கத்திலிருந்து சிவப்புப் பக்கம் திருப்பியது மொத்தமாகப் பத்துத் தடவைகூட இருக்காது. ஆம்பூர்க்காரனுக்கு ஹீட்டர் எதற்கு? கத்திரி வெயிலில் பூட்டி வைத்த காரில் ஸ்டியரிங்கே தோசைக்கல்லாகக் காயும்.

சூடான காற்று வந்தது. கண்ணாடி தெளியவில்லை, இன்னும் மங்கியது. மகன் கைக்குட்டையால் துடைத்தான். எண்ணெய்க் கையால் தடவினது போலக் கோடு கோடாக இழுத்துக்கொண்டதே தவிர, பார்வை வரவில்லை. பேத்திக்கு ஏழு வயசு, சென்னையில் வளர்கிறவள். பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, “தாத்தா, இங்க யாரோ அதிரசத்துக்குப் பாகு காய்ச்சறாங்க” என்றாள்.

எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. மகனுக்கும் தெரியவில்லை. மருமகளைக் கேட்டேன். அவள் கோயம்புத்தூர்ப் பக்கம். கொஞ்சம் தயங்கி, “ஆமாங்க மாமா, வாணியம்பாடி தாண்டினதுல இருந்தே வருதுங்க” என்றாள். ஏம்மா அப்பவே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “உங்க ஊர்ப் பக்கம் எப்பவும் ஏதாச்சும் ஒரு வாசனை இருக்குதுங்களே மாமா, அதுல இதுவும் ஒண்ணுன்னு இருந்துட்டேனுங்க” என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் காலையில் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கோலம் போட்டதைப் பார்த்து, “இங்க என்னம்மா நாத்தம்? ஒண்ணுமே இல்லையே” என்று சொன்னவனே நான்தான். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டில் வாசனையைப் பற்றிப் பேசியதில்லை.

முப்பத்தேழு வருஷம் டேனரியில் வேலை பார்த்தவன் நான். 1973இல் உப்புத் தோல் கணக்கு எழுதச் சேர்ந்து, 2010இல் சூப்பர்வைசராக வெளியே வந்தேன். அந்த நாளில் கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தக் கொட்டகையில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன். உப்புத் தோலுக்குக் கருவாட்டுக் கடை வாசனை. மயிர் கழற்றச் சுண்ணாம்போடு சல்பைடு சேர்க்கிற இடத்தில் கூமுட்டை உடைத்த நாற்றம். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறுகிற பழைய குழிகளின் பக்கம் போனால் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். குரோம் போட்டுப் பதனிடும் முறை வந்த பிறகு அந்தக் குழிகள் குறைந்துபோயின. இப்போதும் அந்த வாசனைக்காக மனசு ஏங்கும். சென்னைக்கும் பெங்களூருக்கும் ரயிலில் போகிறவர்கள் தூக்கத்தில் மூக்கைச் சுளித்து, “ஆம்பூர் வந்துடுச்சா?” என்று கேட்பதை நானே கேட்டிருக்கிறேன். நானும் அதே பெட்டியில்தான் இருப்பேன், ஸ்டேஷன் பலகையைப் பார்த்துத்தான் எனக்கு ஊர் வந்தது தெரியும்.

மூக்கின் சுபாவம் அப்படி. ஒரே வாசனை சில நிமிஷம் விடாமல் வந்தால் அதைக் கணக்கிலிருந்து தள்ளிவிடும். கூமுட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு இதில் இன்னும் பொல்லாதது. துளியூண்டு காற்றில் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறிவிட்டால் வாசனை நரம்பே மரத்துப் போகும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்துக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிய ஆட்கள் திரும்பி வராமல் போனது எங்கள் வட்டாரத்தில் புதுக்கதை இல்லை. முதல் ஆளைத் தூக்கப் போன இரண்டாவது ஆளும் போவான். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது நாற்றம் அடித்தால் பயமில்லை, அடித்துக்கொண்டிருந்தது திடீரென்று காணாமல் போனால்தான் ஓட வேண்டும் என்று எனக்கு வேலை சொல்லிக் கொடுத்த பெரியவர் சொல்வார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர்.

அன்றைக்கு ஹீட்டரை அணைத்துவிட்டு, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, பல் கிட்டக்கிட்ட மலை ஏறினோம். மறுநாள் காலை ஆம்பூர் பைபாஸ் ரோட்டில் எனக்கு வழக்கமான மெக்கானிக் பாய் கடைக்கு வண்டியைக் கொண்டுபோனேன்.

பாய் எடுத்த எடுப்பில் பானெட்டைத் திறக்கவில்லை. வண்டிக்குள் ஏறி எல்லாக் கதவையும் அடைத்து, இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி, திருகைச் சிவப்பின் கடைசி வரைக்கும் திருப்பி, புளோயரை முழுசாக வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிஷம். பிறகு இறங்கி வெளியே நின்று நாலு மூச்சு விட்டுவிட்டு மறுபடி ஏறினார். “உள்ளயே குந்தினு இருந்தா மூக்கு ஏமாத்திடும் சார். எறங்கி ஏறினாத்தான் சொல்லும்” என்றார். நான் முப்பத்தேழு வருஷத்தில் கற்றுக்கொள்ளாததை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

அடுத்து, டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் ரப்பர் மேட்டைத் தூக்கி, அதற்கு அடியில் ஒட்டியிருக்கிற கார்ப்பெட்டில் கையை அழுத்தினார். விரல் ஈரமாக வந்தது. அதைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்து என்னிடம் நீட்டினார். தண்ணீர் என்றால் தேய்க்கத் தேய்க்கக் காய்ந்துவிடும். இது சோப்புத் தண்ணீர் போல வழவழவென்று இருந்தது. கண்ணாடியை உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தார், துணியில் பிசுபிசுப்பு ஒட்டியது. கடைசியில்தான் பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பியைப் பார்த்தார். கீழ்க்கோட்டுக்கும் கீழே.

“ஹீட்டர் கோர் பூட்ச்சு சார்.”

ஹீட்டர் என்றதும் அயர்ன் பாக்ஸ் மாதிரி கரண்டில் காய்கிற கம்பி ஒன்று இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் அப்படி இல்லை. இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஏறக்குறைய 90 டிகிரிச் சூட்டில் சுற்றிக்கொண்டிருக்கும். அதில் ஒரு கிளையை டேஷ்போர்டுக்குப் பின்னால், ஒரு நோட்டுப் புத்தகம் அளவிலுள்ள குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பியிருப்பார்கள். அதன் மேல் புளோயர் காற்றை ஊதினால் நமக்குச் சூடான காற்று. வீணாகப் போகிற சூட்டைப் பிடித்து வண்டிக்குள் திருப்பும் கெட்டிக்காரத்தனம் அவ்வளவுதான். பழைய வோக்ஸ்வேகன் பீட்டிலில் தண்ணீரே கிடையாது. புகைக் குழாயைச் சுற்றி ஓடிவரும் காற்றைத்தான் உள்ளே விடுவார்கள். அங்கே துரு ஏறி ஓட்டை விழுந்தால் புகையே சீட்டுக்கு வரும். அதோடு ஒப்பிட்டால் நம் வண்டியின் பாகு வாசனை தேவலை.

தேவலை என்றாலும் நல்லதில்லை. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால்தான் அந்த இனிப்பு வாசனைக்குக் காரணம். குடித்தாலும் இனிக்கும், சிறுநீரகத்தைக் கொல்லும். இருமல் மருந்தில் கலந்து குழந்தைகளின் உயிரை வாங்கியது என்று 2025இல் பேப்பரில் படித்தோமே டைஎத்திலீன் கிளைக்கால், அது இதற்குப் பங்காளி முறை. ஓட்டை விழுந்த கோரின் மேல் சூடான காற்றடித்தால் இந்தத் திரவம் ஆவியாகி நேரே முன் கண்ணாடியில் போய்ப் படியும். மலையில் ஹீட்டரைப் போட்டதும் கண்ணாடி தெளியாமல் மேலும் மங்கியது அதனால்தான்.

பாய் கூலன்ட் டப்பியில் விரலைவிட்டு எடுத்துப் பார்த்தார். பச்சையாக இருக்க வேண்டியது டீத்தண்ணீர் நிறத்தில் இருந்தது. “இதுல இன்னா தண்ணி சார் ஊத்தினீங்க?”

“வீட்டுப் போர் தண்ணிதான் பாய். கொறையறப்பல்லாம் ஒரு சொம்பு ஊத்துவேன்.”

அவர் சிரித்துவிட்டார். “தோல் ஷாப்புல இருந்தவரு நீங்களே இப்டி சொன்னா?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் ஊரில் குளிர் உறையும் அளவுக்கு இல்லை, அதனால் கூலன்ட் தேவையில்லை, தண்ணீரே போதும் என்று ஒரு பேச்சு உண்டு. நானும் அதை நம்பினவன். கூலன்ட்டின் பாதி வேலை உறையாமல் காப்பது என்றால் மீதிப் பாதி, உள்ளே இருக்கும் உலோகம் அரிக்காமல் காப்பது. இப்போதைய கார்களில் ஹீட்டர் கோர் பெரும்பாலும் அலுமினியம். அலுமினியம் தன் மேல் தானே ஒரு மெல்லிய தோல் போர்த்திக்கொள்ளும், அதுதான் அதற்குக் கவசம். தண்ணீரில் உப்பு இருந்தால் அந்தத் தோலில் ஊசி ஊசியாகக் குத்தித் துளைத்துவிடும். ஆர்.ஓ. மாட்ட வந்த பையன் எங்கள் போர் தண்ணீரில் பேனா போல ஒரு மீட்டரை முக்கினபோது 1,900 காட்டியது. கரைந்த உப்புகள் 500க்குள் இருந்தால் குடிக்கலாம், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கணக்கு. அந்தத் தண்ணீரைத்தான் வருஷக்கணக்காக நான் என் வண்டிக்கு ஊட்டியிருக்கிறேன்.

அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆட்டுத் தோலோ மாட்டுத் தோலோ அழுகாமல் டேனரி வந்து சேர வேண்டுமென்றால் உப்புத் தடவ வேண்டும், அதுவும் அள்ளி அள்ளி. தோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. டேனரியில் முதல் வேலை அந்தத் தோலை ஊறப்போட்டு உப்பை அலசி வெளியேற்றுவது. அந்தக் காலத்தில் அலசின தண்ணீர் வாய்க்காலுக்குப் போகும், வாய்க்கால் பாலாற்றுக்குப் போகும். பாலாற்றில்தான் தண்ணீர் ஓடுவதில்லையே, மணல் உறிஞ்சிக்கொள்ளும். லாரி லாரியாக வந்த உப்புக்குக் கணக்கு எழுதியவன் நான். எவ்வளவு வந்தது என்பதற்கு நோட்டு இருந்தது. எங்கே போனது என்பதற்கு நோட்டு இல்லை.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் இதை எதிர்த்து 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. பதப்படுத்திய தோல் ஒரு கிலோவுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது, தோல் வட்டாரத்தில் கிட்டத்தட்ட 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழாகிவிட்டது என்றெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். கெடுத்தவன்தான் செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கைக்காக, எங்கள் வட்டாரத்துப் பெயர் தாங்கிய அந்த வழக்கைச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிறார்கள். நஷ்ட ஈட்டைப் பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. இருபத்தெட்டு வருஷம் கழித்து.

தீர்ப்பு வந்த அன்றைக்கு டேனரி கேட்டில் நின்று அந்த மன்றத்துக்காரர்களைத் திட்டினவர்களில் நானும் ஒருத்தன். பிழைப்பில் மண்ணைப் போட வந்தவர்கள் என்றேன். ஊர் நாறுகிறது என்று சொல்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் என்றேன். அவர்கள் வெளியூர் இல்லை. எங்களுக்கு முன்னால் ஒரு தடவை வண்டியை விட்டு இறங்கி ஏறினவர்கள்.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துவிட்டன, கழிவுநீரை ஆர்.ஓ.வில் வடித்துத் திரும்பவும் தோலுக்கே எடுத்துக்கொள்கிறார்கள். மிஞ்சுகிற உப்பு மட்டும் மூட்டை மூட்டையாகக் குவிகிறது. நிலத்தடியில் முன்பே இறங்கியதை யாரும் திருப்பி எடுக்கவில்லை.

சரி, கார் கதைக்கு வருகிறேன். பாய் ஒரு யோசனை சொன்னார். “கோரு மாத்தணும்னா டேஷ்போர்டு மொத்தமும் கழட்டணும் சார், ரெண்டு நாள் ஆவும். நம்மூர்ல ஹீட்டரு எதுக்கு? இன்ஜின் பக்கமே ரெண்டு ஓஸையும் சேத்துக் கட்டி பைபாஸ் பண்ணிட்டா ஒரு மணி நேர வேலை. ஒழுகவும் ஒழுகாது, நாறவும் நாறாது.” நிறையப் பேர் அப்படித்தான் செய்துகொள்கிறார்கள் என்றும் சொன்னார். எனக்கும் சபலம்தான். சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

பைபாஸ் என்ற அந்த வார்த்தைதான் தடுத்தது. நான் வேலை பார்த்த இடத்திலும் ஒரு பைபாஸ் வால்வு இருந்தது. தொட்டி நிரம்பிவிட்டால், மழை கொட்டுகிற ராத்திரியில் அதைத் திறந்துவிடுவோம், மழைத் தண்ணீரோடு தண்ணீராகப் போய்விடும். சாவி என் இடுப்பில் இருக்கும். மறுநாள் காலையில் தொட்டி காலியாக, சுத்தமாக, ஒரு நாற்றமும் இல்லாமல் இருக்கும்.

“கோரையே மாத்திடு பாய்” என்றேன்.

ரெண்டு நாளும் வீட்டில் இருப்புக் கொள்ளாமல் அவர் கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். வருகிற வண்டிகளில் பாதி, நாற்றத்துக்காகத்தான் வந்தன. டாக்சி ஓட்டும் பையன் ஒருத்தன், ஏ.சி. போட்டதும் ஊறின சாக்ஸ் வாடை என்றான். ஏ.சி. காயில் சில்லென்று இருப்பதால் காற்றின் ஈரம் அதில் வியர்த்துச் சொட்டும், அந்தத் தண்ணீர் வண்டிக்கு அடியில் ஒரு சின்னக் குழாய் வழியே வெளியேற வேண்டும். நம் ஊர்ப் புழுதி அந்தக் குழாயை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். பாய் கிளவ் பாக்ஸைக் கழற்றி ஏ.சி. ஃபில்டரை உருவினார். கறுத்து, வேப்பிலைச் சருகும் யாரோ ஒருவரின் முடியும் ஒட்டி, பார்க்கவே குமட்டியது. ஃபில்டர் புதுசு, குழாயில் ஒரு குத்து, காயிலுக்கு நுரை மருந்து, வேலை முடிந்தது. வீடு சேர மூன்று நிமிஷம் இருக்கும்போதே ஏ.சி. பட்டனை மட்டும் அணைத்துவிட்டு வெறும் காற்றை ஓட விட்டால் காயில் காய்ந்துவிடும் என்று பையனுக்குச் சொல்லி அனுப்பினார். அவன் கேஸ் ஏற்ற வேண்டும் என்று நினைத்துக் காசோடு வந்திருந்தான். அதை வேண்டாம் என்று சொன்ன பாயை எனக்கு இன்னும் பிடித்துப்போனது.

ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தருடைய வண்டியில் ஏறவே முடியவில்லை. கண்ணாடியில் ஒன்றுக்கு மூன்றாகச் செண்ட்டு டப்பிகள் தொங்கின. மல்லிகை, சந்தனம், எலுமிச்சை. அத்தனைக்கும் அடியிலிருந்து செத்த வாடை எழுந்து வந்தது. வயல் ஓரத்து வீடு, ராத்திரி இன்ஜின் சூட்டுக்கு எலி வந்து படுக்கும். புளோயர் கூட்டுக்குள் நுழைந்த ஒன்று வெளியே வர வழியில்லாமல் செத்திருக்கிறது. கடைப் பையன் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இடுக்கியால் எடுத்துப் போட்டான். எலி வராமலிருக்கப் புகையிலைக் காம்பை பானெட்டுக்குள் கட்டி வைப்பது எங்கள் பக்கத்து வைத்தியம். எலிக்குப் படிப்பறிவு எவ்வளவோ, சில எலி கேட்கும், சில எலி கேட்காது. வாத்தியார் பத்து நாளாகச் செண்ட்டு வாங்கியிருக்கிறார். அந்தக் காசை நான் கணக்குப் பார்க்கவில்லை, அவரே பார்த்துக்கொண்டார்.

கூமுட்டை வாடை என்று வந்த ஒரு வண்டிக்கு மட்டும் பாய் வேறு மாதிரி கேள்வி கேட்டார். “ஊருக்குள்ள மட்டும் வருதா, பள்ளிகொண்டா தாண்டியும் வருதா?” வெளிக்காற்றை அடைக்கும் பட்டனை அழுத்தினதும் வாடை அடங்கினால் அது ஊரின் வாடை, வண்டியைத் தொட வேண்டாம். அழுத்தியும் வந்தால் வண்டி. அந்த வண்டியில் பேட்டரி அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதித்துக்கொண்டிருந்தது. வெடித்திருக்கும் என்றார்.

வயர் கருகும் வாடை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். “கேக்கறதுக்கு ஒண்ணுமில்ல சார். ஓரங்கட்டு, சாவிய எடு, எறங்கு.” பெட்ரோல் வாடைக்கும் அதே பதில்தான். வருஷத்துக்கு ஒரு தடவை ஹீட்டரைப் போட்டதும் புழுதி கருகுகிற வாடை இரண்டு நிமிஷம் வந்து போனால் விட்டுவிடலாம்.

மூக்குக்கு எட்டாத ஒன்றும் இருக்கிறது. இன்ஜின் புகையில் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் ரோட்டோரம் நிறுத்திய கேரவனில் ஏ.சி. போட்டுப் படுத்த இரண்டு பேர் எழுந்திருக்கவே இல்லை. ஜெனரேட்டர் புகை உள்ளே வந்திருக்கிறது. சமையல் கேஸுக்கும் இயல்பில் வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றே நாற்ற மருந்து கலக்கிறார்கள். 1937 மார்ச் 18ஆம் தேதி அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து நியூ லண்டன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் வாசனையில்லாத கேஸ் கசிந்து வெடித்து ஏறக்குறைய முந்நூறு பேர், பெரும்பாலும் பிள்ளைகள், செத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே நாற்றம் கலப்பதைக் கட்டாயமாக்கினார்கள். பணம் கொடுத்து நாற்றத்தை வாங்கிச் சேர்க்கிறது உலகம். நாம் பணம் கொடுத்துச் செண்ட்டு வாங்கி அதை மூடுகிறோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டேஷ்போர்டு வெளியே வந்து, கோர் கைக்கு வந்தது. எடுத்துப் பார்த்தேன். மூலையில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்து, அடியில் குண்டூசி முனையளவு ஓட்டை தெரிந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். புதுசைப் போட்டு, பழைய தண்ணீர் மொத்தத்தையும் வடித்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி கலந்து ஊற்றினார்கள். வீட்டுக்கு எடுத்துவந்ததும் மருமகளுக்கு சென்னைக்குப் போன் போட்டு, “அடுத்த தடவை வரப்ப வண்டியில ஏறினதும் என்ன வாசனை வருதுன்னு மொதல்ல நீ சொல்லணும்மா, வீட்டுலயும்தான்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, “சரிங்க மாமா” என்றாள்.

அதற்கு முன்னால் கடையில் நடந்தது ஒன்று பாக்கி இருக்கிறது. வடித்த கூலன்ட்டைக் கடைப் பையன் ஒரு பேசினில் பிடித்து, சாக்கடையில் கவிழ்க்கத் தூக்கிக்கொண்டு போனான். தெரு நாய் ஒன்று இனிப்பு வாசனைக்கு வாலாட்டிக்கொண்டே பின்னால் போனது. சாக்கடை எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். எழுந்து ஓடி, “டேய் தம்பி, ஊத்தாத” என்று கையைப் பிடித்தேன். காலி இன்ஜின் ஆயில் கேன் ஒன்று வாங்கி, அதில் ஊற்றி, இறுக்கி மூடி, சாக்பீஸால் ‘விஷம்’ என்று எழுதினேன். பாய் எட்டிப் பார்த்து, “இன்னா சார், பாலாத்துக்கு ஊத்தினது போதும்னு முடிவு பண்ட்டீங்களா?” என்றார்.

அந்தக் கேனை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று பத்துப் பேரைக் கேட்டுவிட்டேன். பாய் கடை மூலையில்தான் இன்னும் இருக்கிறது.